உடான் மானியம் முடிந்தபின் சேலம் விமானத்துக்கு அரசு பணம் தரணுமா?

#1 கொலுசுக்காரன்
வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் பண்றேன். மாசம் ரெண்டு தடவை ஹைதராபாத் போவேன். முன்னாடியெல்லாம் ஒரு ராத்திரி முழுக்க ரயில், இறங்கிக் குளிச்சு சாம்பிள் காட்டிட்டு, மறுபடி ஒரு ராத்திரி ரயில். மூணாம் நாள் பட்டறைக்கு வந்தா பற்றவைக்கிற ஆள் வேலையில்லாம உட்கார்ந்திருப்பார். இப்ப சேலம் விமான நிலையம் இருக்கற காமலாபுரத்துல ஏறினா அன்னிக்கே கடைக்காரரைப் பார்த்துடலாம்.

நம்ம விமான நிலையத்தோட கதை பழசானவங்களுக்குத் தெரியும். 1993-ல திறந்தாங்க, கொஞ்ச நாள் என்.இ.பி.சி. நிறுவனத்து விமானம் ஓடுச்சு, நின்னுது. 2009-ல கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல நின்னுது. 2018 மார்ச்ல, சின்ன ஊர்களுக்கு விமானம் விட அரசு மானியம் கொடுக்கற உடான் திட்டத்துல ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்டினாங்க, 2021-ல அதுவும் நின்னுது. 2023 அக்டோபர்ல நாலாவது தடவையா ஆரம்பிச்சிருக்கு. உடான்ல மானியம் மூணு வருஷம்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தா 2026 அக்டோபர்.

2018-ல எங்க அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவருக்கு அதுதான் முதல் விமானம். ஏடிஆர் சின்ன விமானம், படி நாலஞ்சுதான். ஏறினவுடனே செருப்பைக் கழற்றிக் கையில வெச்சுக்கிட்டார். பக்கத்துல இருந்த பெண் "போட்டுக்கோங்க தாத்தா"ன்னு சொல்லியும், இறங்குற வரைக்கும் மடியிலேயே வெச்சிருந்தார். அவர் இப்ப இல்லை. எனக்கு இது வெறும் வியாபாரக் கணக்கு இல்லைன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

என் கருத்து: மூணு வருஷம் முடிஞ்சாலும் அரசு தொடர்ந்து பணம் தரணும். தப்புன்னா காரணத்தோட சொல்லுங்க.

#2 ரயில்பிரியன்
அண்ணா, உங்க அப்பாவைப் பற்றி எழுதினது மனசைத் தொட்டது. ஆனாலும் நான் மறுக்கிறேன்.

சேலம் ஜங்ஷன்ல வந்தே பாரத் ஏறினா சுமார் 4 மணி நேரத்துல சென்னை சென்ட்ரல். விமானம்னா ஊர்லேர்ந்து காமலாபுரத்துக்கு 20 கிலோமீட்டர், அங்க ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருக்கணும், மீனம்பாக்கத்துல இறங்கி மறுபடி நகரத்துக்குள்ள வரணும். வீட்டு வாசல்லேர்ந்து வாசல் வரைக்கும் எண்ணிப் பாருங்க, மிச்சமாகிறது அரை மணி நேரம்கூட வராது. அதுக்கு எதுக்கு வரிப்பணம்? அந்தக் காசை ரயிலுக்குப் போட்டா, முன்பதிவில்லாப் பெட்டியில கழிவறை வாசல்ல உட்கார்ந்து போறவனுக்கு ஒரு சீட் கிடைக்கும்.

#3 விமானக்கணக்கு
நான் விமானத் துறையில் தரைப் பணியில் 14 வருடம் இருந்தவன். "வரிப்பணம்" என்று எல்லோரும் சொல்வதால், பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை முதலில் வைத்துவிடுகிறேன். அதன்பின் சண்டை போடலாம்.

உடான் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27, சிம்லா–டெல்லி. ஒரு தடத்தை ஓட்ட நிறுவனங்கள் ஏலத்துக்கு வரும். "ஒரு இருக்கைக்கு இவ்வளவு நட்டம் வரும், இவ்வளவு கொடுத்தால் ஓட்டுகிறேன்" என்று கேட்கும். குறைவாகக் கேட்டவருக்குத் தடம். விமானத்தில் பாதி இருக்கைகள், குறைந்தது 9, அதிகபட்சம் 40, கட்டண உச்சவரம்புக்குள் விற்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். மீதிப் பாதி சந்தை விலை. 78 இருக்கை ஏடிஆர் என்றால் 39 பேர் மானியக் கட்டணத்தில் போகலாம். நாற்பதாவது ஆள் என்ன கொடுக்கிறார் என்பது அன்றைய கிராக்கியைப் பொறுத்தது.

அந்த நட்ட ஈட்டுத் தொகையில் 80 சதவீதம் மத்திய நிதியிலிருந்து, 20 சதவீதம் மாநில அரசிடமிருந்து. வடகிழக்கு மாநிலங்களுக்கு 10 சதவீதம்தான். மத்திய நிதியின் பெரும்பகுதி பெரிய தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது போட்ட தீர்வை. தொடக்கத்தில் தூரத்துக்கேற்ப ஒரு விமானத்துக்கு 7,500 முதல் 8,500 ரூபாய் வரை. 180 பேர் ஏறும் விமானத்தில் அது ஆளுக்கு 50 ரூபாய்க்குள். அதாவது சென்னை–டெல்லி போகிறவர்தான் சேலம் விமானத்துக்குக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாநிலத்தின் பங்கு அந்த 20 சதவீதத்தோடு நிற்பதில்லை. காவல்துறைப் பாதுகாப்பும் தீயணைப்பும் இலவசம், மின்சாரமும் தண்ணீரும் சலுகையில். விமான எரிபொருள் மீது தமிழ்நாட்டில் வரி 29 சதவீதம். உடான் நிலையத்தில் 1 சதவீதம். விமான நிலையங்களைச் சீரமைக்க மத்திய அரசு தனியாக 4,500 கோடி ஒதுக்கியது. இரண்டு தரப்பும் நினைவில் வைக்க வேண்டியது, டிக்கெட்டுக்குப் போகும் பணம் வேறு, கட்டடத்துக்கும் ஓடுதளத்துக்கும் போகும் பணம் வேறு.

#4 ரயில்பிரியன்
விளக்கத்துக்கு நன்றி சார். ஒரே கேள்வி. மூணு வருஷம் கொடுத்தபிறகு எத்தனை தடம் சொந்தக் கால்ல நின்னுது?

#5 விமானக்கணக்கு
மத்திய தணிக்கைத் துறை 2023-ல் அறிக்கை கொடுத்தது. உடான் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கியவை 774 தடங்கள். அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருடத்தை முழுசாக முடித்தவை 112. 2023 மார்ச் நிலவரப்படி அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை 54.

இந்த எண்ணை நான் மறைக்கப் போவதில்லை. முதல் சுற்றில் 128 தடம் கொடுத்தார்கள். அதில் 84 தடம் ஏர் ஒடிசா, ஏர் டெக்கான் என்ற இரண்டு சிறு நிறுவனங்களுக்கு. கையில் போதிய விமானம் இல்லாதவர்களுக்குத் தடத்தைக் கொடுத்து, மூன்று வருடம் வேறு யாரும் அங்கே வரக்கூடாது என்று தனியுரிமையும் கொடுத்தால் என்ன ஆகும்? நெய்வேலி–சென்னை அப்படித்தான் காகிதத்திலேயே போனது.

#6 தஞ்சை நிலா
தஞ்சாவூரை யாரும் சொல்லலையே. விமானப்படைத் தளம் இருக்கு, சுகோய் இறங்குற அளவுக்கு ஓடுதளம் இருக்கு. பயணிகளுக்கு ஒரு சின்ன முனையம் கட்டினா போதும். பெரிய கோயிலுக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு எவ்வளவு வசதி! நிலம்கூடப் பெரிசா எடுக்க வேண்டாம்.

#7 ரயில்பிரியன்
நிலா, திருச்சி விமான நிலையம் உங்க ஊர்லேர்ந்து கார்ல ஒரு மணி நேரம். 2024 ஜனவரியில 1,112 கோடியில புது முனையம் திறந்திருக்காங்க. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கெல்லாம் அங்கிருந்தே போகலாம். ஒரு மணி நேரத் தூரத்துல ரெண்டு நிலையத்தை அரசு சுமக்கணுமா?

#8 தஞ்சை நிலா
எங்க ஊர்க்காரங்களுக்கு ஆசை இருக்கு, அதைச் சொன்னேன். திருச்சி ரோட்டுல சுங்கச்சாவடியும் நெரிசலும் பார்த்திருந்தா ஒரு மணி நேரம்னு சொல்ல மாட்டீங்க. ஆனா உங்க கேள்விக்கு இப்ப என்கிட்ட பதில் இல்லை, ஒத்துக்கறேன்.

#9 சிக்கனம்பட்டி மகள்
ரெண்டு நாளா இந்த இழையைப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமான்னு இருந்தது. எழுதறேன்.

இதுவரைக்கும் எல்லாரும் மானியம், டிக்கெட், எரிபொருள் வரின்னே பேசியிருக்கீங்க. நிலம்னு ஒரு வார்த்தை நிலாதான் சொன்னாங்க, அதுவும் "எடுக்க வேண்டாம்"னு.

விமான நிலையத்தைப் பெரிசாக்க 2018-ல சுமார் 570 ஏக்கர் வேணும்னாங்க. பொட்டியபுரம், தும்பிப்பாடி, காமலாபுரம், எங்க சிக்கனம்பட்டி, இந்த நாலு ஊர் நிலம். எங்களுக்கு ரெண்டேகால் ஏக்கர், ஒரு கிணறு. ஒரு ஏக்கர்ல குண்டுமல்லி, மீதியில நிலக்கடலையும் சோளமும். விடிகாலை மூணு மணிக்கு நெற்றியில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டு பறிப்போம். ஆறு மணிக்குள்ள பூ மார்க்கெட் போகலைன்னா விலை பாதியாயிடும். நான் நர்ஸிங் படிச்ச நாலு வருஷமும் அந்த மல்லிக் காசுதான்.

அளக்க வந்த அன்னிக்கு அப்பா கவாத்து பண்ணிட்டிருந்தார். வந்தவங்கள்ல ஒருத்தர் டேப்போட முனையை அவர்கிட்ட நீட்டி, "பெரியவரே, அந்த வரப்புல போய்ப் பிடிங்க"ன்னார். அப்பா வாங்கிட்டுப் போய்ப் பிடிச்சார். வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கற மாதிரி, கேட்டாங்க, செஞ்சார். அவங்க எண் எழுதி முடிச்சுப் போனதுக்கப்புறம்தான் தன் நிலத்தைத் தானே அளந்து கொடுத்திருக்கோம்னு அவருக்கு உறைச்சது. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. அதுக்கப்புறம் ஊர்ல எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் ஆளாப் போய் உட்கார்ந்தார்.

தொண்ணூறுகள்ல இந்த விமான நிலையம் வந்தப்ப எங்க பெரியப்பா நிலமும் போச்சு. ஊருக்கு வேலை வரும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா விமானமே வரலை. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தா காலையில தீயணைப்பு வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிட்டு மறுபடி ஷெட்ல விடுவாங்க. அவ்வளவுதான்.

விமானம் வேணாம்னு நான் சொல்லலை. கொலுசுக்கார அண்ணன் வியாபாரம் நல்லா நடக்கட்டும். ஆனா மூணு தடவை நின்ன சேவைக்கு எங்க கிணற்றைக் கேட்கறதுக்கு முன்னாடி, நிக்காதுன்னு யாராவது எழுத்துல உறுதி கொடுப்பாங்களா? வழிகாட்டி மதிப்பை வெச்சுக் கணக்குப் போட்டுக் கொடுக்கற காசுல எங்க மல்லி மண்ணை வேற எங்க வாங்கறது?

#10 கொலுசுக்காரன்
தங்கச்சி, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். முதல் பதிவுல நான் நிலத்தைப் பத்தி ஒரு வரிகூட எழுதலை. மன்னிச்சுக்கோங்க. வாரத்துக்கு ஒரு நாள் அந்த வேலி ஓரமாத்தான் கார்ல போறேன், மல்லித் தோட்டத்தைப் பார்த்திருக்கேன், யாருதுன்னு யோசிச்சதில்லை.

சேலம் வணிகர்கள் நாங்க கூடிப் பேசும்போது "ஏர்பஸ் வரணும், டெல்லி போகணும், மும்பை போகணும்"னுதான் பேசுவோம். அது எத்தனை ஏக்கர்னு யாரும் கேட்டதில்லை.

#11 மினசோட்டா மாறன்
நான் ஆத்தூர்க்காரன், இப்போது அமெரிக்காவில். இங்கேயும் இதே வாதம் நாற்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 1978-ல் விமானத் துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோது, சின்ன ஊர்களை நிறுவனங்கள் கைவிட்டுவிடும் என்று பயந்து ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தார்கள். பத்து வருடத்துக்கு என்று தொடங்கியது இன்றும் ஓடுகிறது. அதில் ஒரு முறை இருக்கிறது: பெரிய விமான நிலையத்திலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று பார்த்து, ஒரு பயணிக்கு இவ்வளவுக்கு மேல் மானியம் கூடாது என்று உச்சவரம்பு வைக்கிறார்கள். பக்கத்து ஊருக்குக் குறைவு, தூரத்து ஊருக்கு அதிகம். அலாஸ்கா போன்ற, சாலையே இல்லாத இடங்களுக்குத் தனிச் சலுகை.

எங்கள் மாநிலத்தில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். மினியாபொலிஸிலிருந்து சுமார் 300 மைல். ஜனவரியில் சாலை முழுக்கப் பனி. அந்த ஊர் விமானத்துக்கு மானியம் கொடுப்பதை நான் ஒருநாளும் தவறு என்று நினைத்ததில்லை. அதே அளவுகோலை வைத்தால் தஞ்சாவூருக்குக் கிடைக்காது; சேலம்–சென்னைக்கும் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

#12 காட்பாடி
வேலூரையும் சேர்த்துப் பேசுங்கள். அப்துல்லாபுரம் விமான நிலையம் வருகிறது வருகிறது என்று பல வருடமாகக் கேட்கிறோம். காட்பாடி ஸ்டேஷனில் ஒரு நாள் காலை வந்து நில்லுங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள், ஒன்றரை நாள் ரயிலில் படுத்து வந்தவர்கள், ஸ்ட்ரெச்சர் கிடைக்காமல் பிளாட்பாரத்தில் போர்வை விரித்துப் படுத்திருப்பார்கள். சொகுசுக்காக விமானம் கேட்கிறவர்கள் இல்லை அவர்கள்.

#13 விமானக்கணக்கு
காட்பாடி, நீங்கள் சொல்வது உண்மை. அப்துல்லாபுரத்தின் சங்கடம் என்னவென்றால், அந்தச் சின்ன ஓடுதளத்தில் இறங்கக்கூடியது 19 இருக்கை விமானம்தான். அது சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும். கொல்கத்தாவிலிருந்து வரும் நோயாளிக்கு அதனால் பயன் இல்லை. சென்னையில் இறங்கி இரண்டரை மணி நேரம் காரில் வருவது அதைவிடச் சுலபம். அவருக்குத் தேவை மீனம்பாக்கத்திலிருந்து சாய்ந்து படுத்து வரக்கூடிய ஒரு நல்ல வண்டி. நோயாளிக்கென்று மானியம் கொடுப்பதானால் அங்கே கொடுக்கலாம்.

இப்போது சிக்கனம்பட்டி சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அதைத்தான் நாம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சேலத்தில் இப்போதுள்ள ஓடுதளம் 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏடிஆர் 72-க்குச் சுமார் 1,300 மீட்டர் போதும். புதுச்சேரியில் 1,502 மீட்டரில் ஏடிஆர் வந்து போகிறது. 570 ஏக்கர் கேட்பது ஏர்பஸ் 320, போயிங் 737 இறங்குவதற்காக. அவற்றுக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 45 மீட்டர் அகலமும், இருபுறமும் பாதுகாப்பு வெளியும் வேண்டும். சேலம்–ஹைதராபாத் ஏடிஆரில் போகக்கூடிய தூரம்தான். ஆக, கொலுசுக்காரருக்குத் தேவையான விமானத்துக்குப் புதிதாக ஒரு சென்ட் நிலமும் வேண்டாம். இதை நாம் கலந்து பேசியதால்தான் இங்கே ஒருவர் பயணமும் ஒருவர் நிலமும் எதிரெதிராக நிற்கிற மாதிரித் தெரிகிறது.

"பெரிய ஓடுதளம் போட்டால் விமானம் தானாக வரும்" என்பார்கள். தூத்துக்குடியைக் காட்டுவார்கள். அங்கே 1,351 மீட்டரை 3,115 மீட்டராக்கி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். ஆனால் அங்கே துறைமுகம் இருக்கிறது, ஏடிஆர்கள் ஏற்கெனவே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. ஆளைப் பார்த்துவிட்டு ஓடுதளத்தை நீட்டினார்கள். மறுபக்கம், உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர். 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடுதளம், சர்வதேச நிலையம் என்று 2021 அக்டோபரில் திறப்பு விழா. கோரக்பூர் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2023-ல் குஷிநகரின் வழக்கமான சேவை நின்றுவிட்டது. நிலம் கொடுத்தவர்களுக்கு அந்த நிலம் திரும்பி வராது.

உடான் நன்றாக வேலை செய்த இடமும் இருக்கிறது. பீகாரில் தர்பங்கா, 2020 நவம்பரில் தொடங்கியது. டெல்லி, மும்பை, பெங்களூரில் வேலை செய்யும் மிதிலைக்காரர்கள் ஊருக்கு வர ஒரு நாள், ஒன்றரை நாள் ரயில். பக்கத்தில் வேறு வழியும் சுலபமில்லை. அங்கே போயிங்கே நிரம்பி வந்தது. தூரமும் ஆளும் இருந்தால் மானியம் ஒரு தள்ளு தள்ளினால் போதும், வண்டி ஓடும். இரண்டும் இல்லாத இடத்தில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

#14 ரயில்பிரியன்
சார் சொன்னதுக்கப்புறம் என் நிலையைக் கொஞ்சம் மாத்திக்கறேன். சேலம்–சென்னைக்கும் சேலம்–பெங்களூருக்கும் ஒரு ரூபாய்கூட மானியம் வேண்டாம்னு இன்னும் சொல்றேன். 200 கிலோமீட்டர் பெங்களூருக்கு பஸ்ஸே போதும். ஹைதராபாத் வேற. ராத்திரி முழுக்க ரயில், அதுவும் பண்டிகை நாள்ல டிக்கெட் கிடைக்காது. அங்க மானியத்தை அஞ்சு வருஷமாக்கினாலும் நான் எதிர்க்க மாட்டேன். ஆனா வருஷா வருஷம் குறைச்சுக்கிட்டே வரணும். முழுத் தொகையை மூணு வருஷம் கொடுத்துட்டு ஒரே நாள்ல நிறுத்தினா எந்த நிறுவனமும் அன்னிக்கே விமானத்தை வேற ஊருக்கு மாத்திடும்.

தனியுரிமையையும் எடுக்கணும். மூணு மாசம் ஓட்டாம இருந்தா தடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கணும்.

#15 தஞ்சை நிலா
இதை ஒத்துக்கறேன். 2025 பட்ஜெட்ல அடுத்த பத்து வருஷத்துல 120 புது இடம், 4 கோடிப் பயணிகள்னு மாற்றியமைச்ச உடான் அறிவிச்சாங்க. 120 இடத்தை யார் எப்படித் தேர்ந்தெடுக்கறாங்கன்னு பார்க்கணும். எங்க ஊர் அதுல வராட்டியும் பரவாயில்லை, காரணத்தைச் சொல்லணும்.

#16 சிக்கனம்பட்டி மகள்
1,806 மீட்டர் போதும்னு நீங்க எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "இதை ஏன் அன்னிக்கே யாரும் சொல்லலை"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

எங்களுக்கு விமானத்து மேல கோபம் இல்லைங்க. அது வர்ற சத்தத்தை வெச்சுத்தான் இப்ப அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டறாங்க. இருக்கற ஓடுதளத்துல ஓடட்டும். சீட் நிரம்பி வழியுதுன்னு கணக்கு காட்டி, அப்புறம் எங்ககிட்ட வந்து பேசட்டும். கொலுசுக்கார அண்ணா, உங்க வணிகர் கூட்டத்துல இதை நீங்க சொல்வீங்களா? நாங்க சொன்னா "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு முடிச்சுடறாங்க.

#17 கொலுசுக்காரன்
சொல்றேன் தங்கச்சி. அடுத்த மாசக் கூட்டத்துல நானே எழுந்து பேசறேன்.

அதுக்கு முன்னாடி கையில எண் வேணும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ரெண்டு மனு எழுதியிருக்கேன், ஒண்ணு விமான நிலைய ஆணையத்துக்கு, இன்னொண்ணு மாநில அரசுக்கு. கேட்டிருக்கறது: 2023 அக்டோபர்லேர்ந்து சேலத்துல ஒவ்வொரு தடத்துலயும் மாசாமாசம் எத்தனை சீட் நிரம்புச்சு, எத்தனை நாள் ரத்து, மாநிலம் தன் 20 சதவீதப் பங்குல இதுவரைக்கும் எவ்வளவு கொடுத்திருக்கு, 570 ஏக்கர் திட்டம் இப்ப எந்த நிலையில இருக்கு, ஏடிஆர்-க்கு மட்டும்னா எவ்வளவு நிலம் போதும்னு யாராவது ஆய்வு பண்ணியிருக்காங்களா.

விமானக்கணக்கு சார், கேள்விகளை நாளைக்குள்ள ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்க. வெள்ளிக்கிழமை பதிவுத் தபால்ல அனுப்பறேன். பதில் வந்தா ஒரு பக்கம் விடாம இங்கேயே போடறேன்.

#18 விமானக்கணக்கு
பார்த்துவிட்டேன். ஒன்று சேருங்கள்: "சந்தைக் கட்டணத்தில் விற்ற இருக்கைகள் எத்தனை" என்று தனியாகக் கேளுங்கள். மானிய இருக்கை மட்டும் நிரம்பி மற்றவை காலியாகப் போகிறதா என்பது அதில்தான் தெரியும். 2026 அக்டோபருக்குப் பிறகு ஹைதராபாத் விமானம் மானியம் இல்லாமல் சொந்தக் காலில் நிற்குமா என்பதையும் அந்த எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும்.